கடலைப் பார்த்து வீசிய துவாய்

நான் வவுணதீவுப் பக்கத்து வயல்காரர் வீட்டில் பிறந்தவள். கதிரவெளிக்குக் கல்யாணம் முடித்து வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் கடலுக்கு முன்னால் நான் இன்னும் புதுப்பெண்தான். கரைவலை இழுக்கும் இடத்துக்கு நான் போவதில்லை. வாடி என்கிற ஓலைக் கொட்டிலுக்குள் இருந்து மீன் வெட்டிக் கருவாடு போடுவதோடு சரி. சத்தம் போட்டுப் பேசவும் எனக்கு வராது.

போன வருஷம் கரையின் வடக்கு மூலையில் படையினர் மண்மூட்டை அடுக்கிப் பங்கர் கட்டினார்கள். முள்ளுக்கம்பியும் இழுத்தார்கள். ஏன் என்று சொல்ல எங்கள் வாடிக்கு ஒருவரும் வரவில்லை. அன்றிலிருந்து எனக்கு நித்திரை குறைந்தது.

"என்னகா, பங்கரக் காணாத ஆள் மாதிரி முழிக்கிறாய்?" என்று சிரித்தாள் மச்சாள். என் கணவரின் தங்கை அவள்.

"கண்டபடியாத்தான் பயமா இரிக்கி" என்றேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலை, என் கணவரும் இன்னும் சிலரும் வலையோடு தோணியில் போயிருந்தார்கள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். முதலில் நிலம் அதிர்ந்தது, பிறகுதான் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் கடலில் பெரிய கப்பலொன்று நிற்கிறது. அதன் முன்னால் தட்டையான இரும்புப் படகுகள் வரிசையாகக் கரையை நோக்கி வருகின்றன. வடக்கு மூலையிலிருந்து வெடிச் சத்தம். கரையில் நின்ற ஆண்கள் கயிற்றைப் போட்டுவிட்டு வாவிப் பக்கம் ஓடினார்கள். யுத்த காலத்தில் ஓடிய அதே வழி. என் கால்களும் அங்கேதான் திரும்பின.

ஆனால் தோணி கடலில் நின்றது, அந்த இரும்புப் படகுகளுக்குக் கொஞ்சம் தெற்கே. அவர் போகவேண்டும், எங்காவது தூரமாகப் போய்விடவேண்டும். கூப்பிடப் பார்த்தேன், தொண்டையில் காற்றுத்தான் வந்தது. தோளில் கிடந்த சிவப்புத் துவாயை எடுத்து, போ போ என்று என் பலம் உள்ளமட்டும் வீசினேன்.

தோணி திரும்பியது. நேரே எங்களை நோக்கி.

மச்சாள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "என்னகா செய்யிறாய்? மீன் கூட்டம் வந்தாத்தானே கரையில நிண்டு துணி வீசுவாங்க! நீ அண்ணனக் கரைக்கு வரச் சொல்லிக் காட்டுறாய்!"

துவாயைக் கீழே போட்டேன். தோணி நிற்கவில்லை. அவர்கள் குனிந்து குனிந்து துடுப்புப் போடுவது தெரிந்தது. அப்போது வெள்ளைப் புகை கிளம்பிக் கடலை மூடியது. தோணி மறைந்தது. அந்தப் படகுகளின் இரும்புக் கதவுகள் விழும் ஓசையும் ஆட்கள் தண்ணீரில் குதிக்கும் ஓசையும் மட்டும் கேட்டன. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். எப்போது இறங்கினேன் என்று தெரியாது.

புகைக்குள்ளிருந்து தோணியின் முன்மூக்கான அணியம்தான் முதலில் வந்தது. முகத்தில் கரி பூசிய ஒரு படைப்பையன், வலையில் கால் சிக்கி, தோணியைப் பிடித்தபடி விழுந்தெழும்பி வந்தான். அவர் அவனுடைய காலை விடுவித்துவிட்டுக் குதித்தார்.

"மீன் எங்க புள்ள? துணி காட்டினது ஆரு?"

நான் அவருடைய சட்டையை இறுக்கிப் பிடித்தேன். பிடித்த பிடியை விடவில்லை.

"வெத்து வெடிதான், பயப்பிடாதங்க" என்று பின்னேரம் வந்த கிராம சேவகர் சொன்னார். பசிபிக் கடலில் எதிரி அரண் கட்டி வைத்திருக்கும் தீவொன்றை இறங்கிப் பிடிப்பது போலப் படையினர் பயிற்சி எடுத்தார்களாம்; வடக்கு மூலைப் பங்கரும் அதற்குத்தானாம்.

"அந்தத் தீவில சனம் இரிக்காதா?" என்று கேட்டேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாடிக்குள் போய்விட்டேன்.

இப்போது அவர் கடலுக்குப் போனால் நானும் கரைக்கு வருகிறேன். இரண்டு கைகளையும் நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். "என்ன மச்சாள், குளிருதா?" என்று கேலி பண்ணுகிறாள் அவர் தங்கை. வெயில் சுடுகிறது. தோணி திரும்பி மணலில் முட்டும்வரை நான் கைகளை எடுப்பதில்லை.