பூட்டிய பூங்காவில் கொடியேற்றம்

பெங்களூரிலேயே பிறந்தும் எங்கள் ஏரியா விவேக் நகரைத் தாண்டி எதையும் காட்டாத அப்பா என்று மகள் ஸ்டெல்லாவுக்குக் குறை. இன்று சுதந்திர தின லீவு. பஸ் பிடித்து ஒரு பெரிய பூங்காவுக்குக் கூட்டிப்போனேன்.

உள்ளே கொடியேற்றப் போகிறார்கள். கேட்டில் பூட்டு!

"இன்னிக்கு லேஅவுட்காரங்களுக்கு மட்டும்தான்" என்றார் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற குடியிருப்போர் சங்கச் செயலாளர். "உங்க ஏரியாவுல பார்க் இல்லையா?"

நான் பத்தாவது ஃபெயில். ஆனாலும் கேட்டுக்கு மேலே மாநகராட்சிப் பூங்கா என்று எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியும்.

"இது உங்க அப்பன் வீட்டுத் தோட்டமாய்யா? குழந்தை கொடி பாக்க வந்திருக்கு. சுதந்திரம் என்ன உங்க தெருவுக்கு மட்டும்தான் வந்துச்சா..."

அதற்குள் தேசிய கீதம் ஆரம்பித்துவிட்டது. நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு விறைப்பாக நின்றேன். அந்த ஆளும் நின்றார். ஸ்டெல்லா கம்பி வழியே எட்டி எட்டிப் பார்த்தாள். பந்தல்தான் தெரிந்தது, கொடி தெரியவில்லை.

பாட்டு முடிந்ததும் அவர் லட்டு வாங்கப் போய்விட்டார்.

"அப்பா, இப்போ திட்டலாம்பா" என்றாள் ஸ்டெல்லா.

யாரைத் திட்டுவது? வயிறு இன்னும் எரிகிறது. அடுத்த முறை பாட்டுக்கு முன்னாலேயே முடிக்கிற மாதிரி, சுருக்கமாக நாலு நல்ல வசவு தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள்.