மூட்டைக்காரன் நிமிர்ந்த நாள்

சென்ற ஆண்டு அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தவர்கள்: அப்பாவின் நாடகங்களில் ராஜா வேடம் கட்டிய மாரிமுத்து மாமா, பெண் வேடம் கட்டிய அந்தோணி அண்ணன், துறைமுகத்தில் அப்பாவோடு மூட்டை தூக்கியவர்கள், தெருக்காரர்கள். அழைக்காமல் வந்தவர், அரசாங்கம் நியமித்த வார்டுத் தலைவர் ஊ டின். வராதவர்கள், ஒரு காலத்தில் மேடையேற்றி மாலை போட்டுவிட்டு, பிறகு அப்பாவைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போன பெரியவர்கள். அவர்களுக்கும் இந்த நினைவு மலரின் பிரதி போகும்.

அப்பா ரங்கூனை அடுத்த தன்லியினில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. சிறு வயதிலேயே ரங்கூன் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்க வந்துவிட்டார். கையெழுத்துக்குப் பெருவிரல்தான். ஆனாலும் திருவிழா மேடைகளுக்குப் பத்தொன்பது நாடகங்கள் செய்தார். எல்லாம் வாயாலேயே. மூட்டையோடு நடக்கும்போது வசனம் கட்டுவார். மாலையில் எங்கள் முன்னறையில் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுப்பார். "தலையில மூட்டை இருந்தா வீண் வார்த்தை வராதுடா" என்பார்.

எண்பத்தெட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நாடகத்துக்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கதைச்சுருக்கத்தைப் பர்மிய மொழியில் ஒரு பக்கம் யாரையாவது எழுதச் சொல்லிக் கொடுத்தால் போதும். ராஜா, ராணி, முடிவில் நல்லவன் ஜெயிப்பான். நான் பத்தாம் வகுப்புக்கு வந்ததும், "இனி நானே எழுதுறேன்ப்பா" என்றேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன். அந்தப் பெருமையில் முழு நாடகத்தையும் வரி விடாமல் நாற்பது பக்கம் எழுதி அனுமதி தரும் அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா தனக்கென்று வைத்திருந்த மூட்டைக்காரன் வேடத்தின் வசனமும் அதில் இருந்தது:

"அரசே, நீங்க ஏறி நிக்கிற படி என் முதுகு. நான் நிமிர்ந்தா நீங்க எங்க நிப்பீங்க?"

அந்த நாடகம் மட்டுமல்ல, அப்பாவின் எல்லா நாடகங்களும் அத்தோடு நின்றன. இனிப் போடமாட்டேன் என்று பெருவிரல் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். வெளியே வந்து விரல் மையை என் சட்டையிலேயே துடைத்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கே. அவனுக்கே புரிஞ்சிருச்சே!" என்றார்.

ஆறு வருடம் மேடை இல்லை. நுரையீரல் நோயில் மூச்சுத் திணறியபோதும் மாமாவிடம் கேட்டது அந்த வசனத்தைத்தான். "மறந்துறலையே மாரி? ஒரு தடவையாவது ஜனங்க முன்னாடி சொல்லிரு."

பதினாறாம் நாள் பந்தி முடிந்ததும் மாமா எழுந்தார். பந்திக்கு வாங்கியதில் மிச்சமிருந்த அரிசி மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டார். அந்தோணி அண்ணன் நாற்காலியில் அரசனாக உட்கார்ந்தார்.

"ராணியே ராஜாவாயிட்டாருடா, இனி நாடு உருப்பட்டுரும்!" என்று யாரோ கேலி செய்தார்கள். சிரிப்பு அடங்கியது. மாமா குனிந்தபடி வசனத்தைச் சொன்னார். மூட்டையை இறக்கினார். நிமிர்ந்தார்.

"என்ன சொல்றாரு?" என்று பர்மிய மொழியில் ஊ டின் கேட்டார்.

அந்தோணி அண்ணன் முந்திக்கொண்டு, "ஒப்பாரிங்க, செத்தவரை நினைச்சு" என்றார்.

"இல்லைண்ணே" என்று நான் எழுந்தேன். அன்று என் கையால் எழுதிக் கொடுத்த அதே பர்மிய வாக்கியத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். முதலில் கைதட்டியவர்கள் பர்மியத் தெருக்காரர்கள்தான்.

அன்று உடன் நின்ற உறவினர்களுக்கும், அச்சகங்கள் கைவிரித்தபின் இம்மலரை ஜெராக்ஸ் எடுத்துத் தந்த நண்பருக்கும், மறுநாள் வார்டு அலுவலகம் விதித்த அபராதத்தில் பங்கு போட்ட துறைமுகத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அப்பாவின் நாடகங்களை எல்லோரும் இலவசமாகத்தான் பார்த்தோம். இந்த ஒன்றுக்கு மட்டும் கட்டணம் கட்டினோம்: நாற்பதாயிரம் கியாட்.