ஓட்ஸ் கிண்ணத்தில் போட்ட மருந்து

மருந்து வைத்தாள், மருந்து வைத்தாள் என்று படிக்கட்டு முழுக்கப் பேசினார்களே, அந்த மருந்தை எவராவது கண்ணால் பார்த்தார்களா? பார்க்கவில்லை. காதால் கேட்டார்கள், அதுவும் பாதி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஒரு பொம்பளையின் பெயரை வாயில் போட்டு மென்றார்கள். மெல்லட்டும். நடந்தது இதுதான்.

அவளைச் 'சட்டுனு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவளுக்கே மறந்திருக்கும். எந்த வேலை சொன்னாலும் "இதோ, சட்டுனு ஆயிடும்" என்பாள், ஆகியும் விடும். தாயில்லாப் பிள்ளை. தம்பிகளுக்கு ஆக்கிப் போட்டுக் கிளப்பிவிட்டுத்தான் தையல் ஆலைக்கு ஓட வேண்டும். ஓடி ஓடிக் கைக்கு வந்த வேகம் அது. கல்யாணம் ஆனது, நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், நாமும் பேச வேண்டாம். ஆலையை மூடிய பிறகு வீடு வீடாகச் சமையலுக்குப் போனாள். கையில் வேறு சொத்து கிடையாது. நம்பி அடுப்படியில் விடலாம் என்ற பேச்சு ஒன்றுதான் அவளை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அப்படி வந்து சேர்ந்த வீடுதான் டிக்கெட் ஐயா வீடு. ஐயா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பார்வை போகவில்லை. பால் போடுகிறவரானாலும் சரி, பெற்ற மகளானாலும் சரி, டிக்கெட் எடுக்காமல் ஏறிய ஆளைப் போலத்தான் பார்ப்பார். மனைவி இறந்துபோனதிலிருந்து காலையில் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. சட்டை உடம்பில் தொங்கியது.

சட்டுனு வந்த மறுநாளே ஓட்ஸ் கிண்டினாள். வெறும் வாணலியில் வாசம் வரும்வரை புரட்டி, தண்ணீரும் பாலும் சேர்த்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, கொதி வந்ததும் இறக்கி மூடிவிடுவாள். அது தானாக இறுகுகிற நேரத்தில் பழம் நறுக்குவாள். வாழைப்பழம் வில்லை வில்லையாக, ஆப்பிள் தோல் சீவிப் பொடியாக, எல்லாவற்றுக்கும் மேலே கனிந்த பப்பாளித் துண்டு. அன்றைக்கு ஐயா முகம் கழுவி வந்து நாற்காலியை இழுப்பதற்குள் கிண்ணம் மேசையில் இருந்தது.

"அதுக்குள்ள எப்படி வெந்துச்சு? நேத்து மீந்ததா?"

"வாணலியைத் தொட்டுப் பாருங்கய்யா."

மனிதர் எழுந்துபோய்த் தொட்டே பார்த்தார். விரலைச் சுட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

டாக்டர் பாதாமும் அக்ரூட் பருப்பும் தினமும் சேர்க்கச் சொல்லியிருந்தார். ஐயாவுக்குப் பல் செட்டு. அதன் அடியில் ஒரு துணுக்கு போய் மாட்டினால் அன்றைக்கு வீடு ரெண்டுபடும். வெளியூரிலிருந்த மகள்தான் போனில் வழி சொன்னாள்: "மாவாப் பொடிச்சு அப்பாவுக்குத் தெரியாமக் கலந்துடுங்கக்கா. தெரிஞ்சா தொடமாட்டார்."

சட்டுனு அப்படியே செய்தாள். வறுத்துப் பொடித்து டப்பாவில் வைத்துக்கொண்டு, இறக்கின சூட்டில் கலந்து, பழத்தைப் போட்டு மூடிவிடுவாள். பிள்ளைகளுக்கு ஏமாற்றி ஊட்டுவதை எல்லாம் ஆலையில் கூட வேலை பார்த்த பொம்பளைகள் 'மருந்து' என்றுதான் சொல்வார்கள். அந்த வாய்ப்பழக்கம் அவளை விடவில்லை.

அடுப்படி ஜன்னல் படிக்கட்டுப் பக்கம். ஒரு நாள் மகளுடன் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மருந்து போட்டாச்சு பாப்பா. ஐயாவுக்கு ஒண்ணும் தெரியாது. நான் வெச்சா மறுபேச்சே இல்லாம சாப்பிடறாரு."

துணிக்கூடையோடு ஏறிக்கொண்டிருந்த மேல்வீட்டுக்காரியின் கால் அந்தப் படியிலேயே நின்றுவிட்டது. மருந்து வைப்பது என்றால் என்ன? ஆளை மயக்கிக் கைக்குள் போட்டுக்கொண்டு வீட்டை எழுதி வாங்குவது. அவளுக்கு வேறு அர்த்தமே தோன்றவில்லை.

அப்புறம் எதைப் பார்த்தாலும் சாட்சிதான். ஐயா தினமும் சவரம் செய்துகொண்டார். இஸ்திரி போட்ட சட்டை போட்டார். படிக்கட்டில் அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் கூடினால் இதே பேச்சு.

"மனுஷன் சிரிக்கிறாருடி! சோத்துல என்னமோ இருக்கு."

"கன்னம்கூட உப்பியிருக்கே. மருந்து ஏறிடுச்சு."

ஏறியது பாதாம்.

சட்டுனு படியேறினால் பேச்சு பட்டென்று நிற்கும். அவளைச் சமையலுக்குக் கேட்டிருந்த எதிர்வீட்டுக்காரர்கள், இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். அன்றைக்கு அவளுக்குக் கையே ஓடவில்லை. மகளிடம் கெஞ்சினாள்: "நீ ஒரு வார்த்தை சொல்லிடு பாப்பா."

"சொன்னா அப்பாவுக்கும் தெரிஞ்சு சாப்பாட்டை நிறுத்திடுவாரேக்கா. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

பொறுத்தாள். மேல்வீட்டுக்காரிக்குத்தான் பொறுக்கவில்லை. நேரே ஐயாவிடமே போய்ச் சொல்லிவிட்டாள். ஐயா மகளைப் போனில் பிடித்தார், எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டு. மகள் அலறினாள்: "ஐயோ அப்பா, அது பாதாம் பொடி! நான்தான் போடச் சொன்னேன்!"

"பாதாமா?" என்றாள் மேல்வீட்டுக்காரி. பந்தியில் பாதியில் எழுப்பிவிட்ட மாதிரி ஆகிவிட்டது அவள் முகம். "நான் அப்பவே நினைச்சேன், தங்கமான பொம்பளைன்னு" என்று சொல்லிக்கொண்டே மேலே போனாள்.

முடிந்தது என்றுதான் சட்டுனுவும் நினைத்தாள். மறுநாள் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஐயா கரண்டியைத் தொடவில்லை. கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"நீ முதல்ல ஒரு வாய் சாப்பிடு."

"அதான் பாதாம்னு தெரிஞ்சுபோச்சேய்யா."

"அது தெரிஞ்சுபோச்சு. தெரியாம இன்னும் என்னென்ன இருக்கோ?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தப் பழைய பார்வை பார்த்தார், அவ்வளவுதான். ஊர் பேசியபோது வராத கண்ணீர் அப்போது முட்டிக்கொண்டு வந்தது. அதை அவள் வெளியே விடவில்லை. நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள்.

"போதும், போதும். கொண்டா."

அவள் கொடுக்கவில்லை. ஆயுசு முழுக்க அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியவள், அந்தக் கிண்ணத்தை மட்டும் ஆற அமரச் சாப்பிட்டாள். பப்பாளித் துண்டைக்கூட ஒவ்வொன்றாக மென்றாள். அடியை வழித்தாள்.

"அப்போ எனக்கு?"

"ஓட்ஸ் இருக்கு, பால் இருக்கு, பழம் இருக்கு. நீங்களே கிண்டிக்குங்கய்யா. உங்க கையையாவது நம்புவீங்க இல்ல?"

கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செருப்பில் கால் நுழைக்கும்போது அடுப்படியிலிருந்து ஐயாவின் குரல் வந்தது: "முதல்ல பாலா, தண்ணியா?"

"தண்ணி" என்றாள், திரும்பிப் பார்க்காமல். படியிறங்கிப் போய்விட்டாள்.