வரேன் என்று சொன்ன வாய்

எறையூர் ஆலைக்குக் கரும்பு லோடு ஏற்றிப் போகும் டிராக்டர் ஓட்டியே காலத்தைத் தள்ளியவர் இளையபெருமாள். அவருடைய ஒரே தங்கச்சி மலர்கொடியைத் திருமானூர் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் மகள் நந்தினி பெரியவளானபோது தாய்மாமன் சீரை வேனில் ஏற்றிக்கொண்டு மேளத்தோடு போனவர்தான். கடைவீதியில் பேனர் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பங்காளிகள் படமெல்லாம் பூசணிக்காய் பருமன். இவர் படம் மூலையில் தபால்தலை மாதிரி.

"வண்டியத் திருப்புடா" என்றார்.

மனையில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு, கடைசியில் யாரோ ஒன்றுவிட்ட மாமன் மாலை போட்டானாம்.

அன்றோடு போக்குவரத்து நின்றது. கேட்டவர்களிடம் "மொறையா அழைக்கல" என்று சொல்லி வைத்தார். பேனர் கதையைச் சொல்ல அவருக்கே வாய் கூசியது.

வருசங்கள் போயின. போன தை மாதம் மலர்கொடியின் புருசன் அங்கமுத்து நெஞ்சுவலியில் இறந்துபோனார். பிறந்த வீட்டுக் கோடியை அண்ணன்தானே போட வேண்டும்? பெரம்பலூரில் புடவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். தங்கச்சி ஒரு வார்த்தை பேசுவாளா என்பதுதான் வழியெல்லாம் நினைப்பு.

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றது. அதிலும் அவர் கண் தன் படத்தைத்தான் முதலில் தேடியது. சீ என்று ஆகிவிட்டது.

பந்தலுக்குள் யாரும் "வாங்க" என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் சொல்ல மாட்டார்கள்தான். ஆனால் அது வழக்கமா, வெறுப்பா என்று இவருக்குப் பிடிபடவில்லை. கோடியைத் தங்கச்சி தோளில் போட்டார். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும், சொல்லாமல் கிளம்புவதுதான் முறை. அவரோ அவள் முன்னால் போய் நின்றார். வாய் தவறிவிட்டது.

"வரேம்மா."

பெண்கள் கூட்டம் பதறியது. அங்கமுத்துவின் அக்கா பெரியம்மாள் சீறினாள்: "ஏய்யா, எழவு வூட்டுல வரேன்னா சொல்லுவாங்க? நல்லதுக்கு வராம கெட்டதுக்கு வரேங்குறான் பாரு!"

மலர்கொடி மூக்கைச் சிந்திக்கொண்டாள். "வுடுங்க அண்ணி. எங்கண்ணன் வரேன்னு சொன்னா வராது. ஒரு கெடுதலும் வந்துடாது."

பந்தலோரம் யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். இளையபெருமாளுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. தலையைத் துண்டால் மூடிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். அரியலூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "பெருசு, ஏறுறீங்களா?" என்றான்.

'எங்கண்ணன்' என்றுதானே சொன்னாள்?

பஸ் போய்விட்டது. அவர் திரும்பி வந்து பந்தலின் கடைசி நாற்காலியில் குனிந்து உட்கார்ந்தார். நந்தினி கடுங்காப்பியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

எட்டாம் நாள் காரியம் முடியும் வரை அவர் ஊருக்குக் கிளம்பவில்லை.