நாலு வயரும் கழன்ற பிறகு

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். இங்கே ஜேர்மனியில், ஆஹென் நகரில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, அன்றிலிருந்து கார் திருத்துகிறவன். காரணமில்லாமல் எதுவும் நடக்காது என்று கோயில் வாசலில் நின்றே வாதாடியிருக்கிறேன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை, சிரிக்க மட்டும் வேண்டாம்.

அன்ரன் என் கூட்டாளி, மன்னாரிலிருந்து ஒன்றாக வந்தவர்கள் நாங்கள். பாரிசவாதம் வந்து அவனுக்கு வலப்பக்கம் வழங்காது. அவனுடைய பழைய பெற்றோல் கார் வீதியில் ஒழுங்காக ஓடும், சிக்னலில் நின்றால் போதும், காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும். இந்தக் கிழமை சரிவராவிட்டால் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவன் மனைவி மேரி சொல்லிவிட்டா. ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் கார் திருத்தினால் பக்கத்து வீட்டார் பொலிசைக் கூப்பிடுவார்கள், ஆகவே சனி பகல் போனேன். அன்ரன் தானும் காருக்குள் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தான். மேரியும் நானுமாகத் தூக்கிச் சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் இருத்தி, சரிந்துவிடாமலிருக்க சீற் பெல்ற்றையும் போட்டுவிட்டோம். மேரி மேலே சமைக்கப் போய்விட்டா.

காற்றுக் குழாய்களில் வெடிப்பில்லை, பிளக்குகளும் புதிதாகப் போட்டேன், நடுக்கம் அப்படியே. கடைசியில் இன்ஜெக்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெற்றோலைத் தெளிப்பது அதுதான். என்ஜின் ஓடும்போதே ஒவ்வொன்றாக வயரைக் கழற்றினால் நடுக்கம் கூடும், எதைக் கழற்றும்போது கூடவில்லையோ அதுதான் பிழை. ஒன்றைக் கழற்றினேன், மாற்றமில்லை. கொழுவிவிட்டு அடுத்தது, மாற்றமில்லை. நாலும் அப்படியே. எனக்கு விசர் வந்தது, நாலையும் ஒரேயடியாகக் கழற்றினேன்.

பெற்றோல் போகாவிட்டால் என்ஜின் உடனே நிற்க வேண்டும். நம்பினால் நம்புங்கள், நின்றது நடுக்கம்தான். என்ஜின் புதுக் கார் மாதிரி மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஓடினேன். அன்ரனால் தானாக இறங்க ஏலாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, அவனைத் திரும்பியும் பார்க்காமல், சந்தியில் இருக்கிற பேக்கரி வரைக்கும் ஓடினேன். அங்கே ஒரு கோப்பியை வாங்கிவைத்துக்கொண்டு நின்றேன். சீ, இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. நாலு வயரும் தொங்குகின்றன. காரின் சாவி அன்ரனின் இடது கையில் இருந்தது, எட்டித் திருப்பி உருவியே எடுத்திருக்கிறான், அப்படியும் நிற்கவில்லை. அவன் முகமெல்லாம் வியர்வை. நான் அவன் பக்கத்துக் கதவைத் திறந்தேன், என்ஜின் நின்றது.

"கதவையெண்டாலும் திறந்து விட்டிட்டு ஓடியிருக்கலாமடா" என்றான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

வயர்களைக் கொழுவி ஸ்ராட் பண்ணினேன், நடுக்கமே இல்லை. அந்த நேரம் மேரி ரோல்ஸ் தட்டோடு இறங்கி வந்தா. "ஜெயம் திருத்திப்போட்டான்" என்று அன்ரன் என்னைக் காட்டிச் சொன்னான். மேரி தந்த ரோல்ஸை நானும் வாங்கித் தின்றேன்.

கார் இன்றைக்கும் அருமையாக ஓடுகிறது. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. எண்ணெய் மாற்ற நான்தான் போகிறேன், அன்ரனும் முன்போலவே உள்ளே இருந்துகொண்டு பழைய கதையெல்லாம் கதைப்பான். ஆனால் நான் பொனற்றில் கை வைத்தவுடன், கதையை நிறுத்தாமலே, இடது கையால் தன் சீற் பெல்ற்றைக் கழற்றிவிடுவான்.