நான்காவது இலக்கம்

என் அத்தானின் வலக்கை விரல் நுனிகள் எப்போதும் கறுத்தே இருக்கும். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்க சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அது தோலில் பட்டு வெயிலும் பட்டால் கறையாகிவிடும். சோப்புக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். சிங்கப்பூர் தேக்காவில் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் இலை போடுகிறவர் அந்தக் கையை ஒரு மாதிரி பார்ப்பார். அக்காவுக்கு அவமானமாக இருக்கும். அத்தான் மட்டும் அந்தக் கையை மறைத்ததே இல்லை. கறுத்த விரல்களால் நிதானமாகச் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவார்.

அவர் பயிர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் கள உதவியாளர். அப்பா இறந்த பிறகு நான் அக்கா வீட்டோடு வந்துவிட்டேன். பஃபலோ ரோட்டுக்குப் பின்னால், ஒரு மளிகைக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். அறுபதுகளின் நடுப்பகுதி அது. அத்தான் முதல் பஸ்ஸைப் பிடித்து, பிரம்புக் கூடையில் காலிப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு, தீவின் வடகிழக்கே இருந்த காய்கறித் தோட்டங்களுக்குப் போவார். இன்று நான் குடியிருக்கும் செங்காங் அதுதான். என் பன்னிரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் வீடுகளும் ரயில் பாதையும்தான் தெரிகின்றன. அன்று அங்கே காய்லான், காங்கோங் கீரைகள் பாத்தி பாத்தியாக நின்றன என்று சொன்னால் கீழ்வீட்டுப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். கடல் ஏறி இறங்கும் ஒரு ஆறு அந்தத் தோட்டங்களை ஒட்டி ஓடியது. அதிலிருந்து பம்ப் வைத்துத் தண்ணீர் எடுக்கலாமா, எடுத்தால் எந்த இடத்தில் எடுப்பது என்பதுதான் ஆராய்ச்சி. மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம். கீழ் இடம் தோட்டங்களுக்குப் பக்கம், வாய்க்காலும் குறைவாக வெட்டினால் போதும். மேலதிகாரிகளுக்கு அதில்தான் கண்.

இரண்டு வருடம் அவர் அந்த ஆற்றின் தண்ணீரை அளந்தார். தோட்டத்தில் மழை வந்தால் மை கரைந்துவிடும் என்று நோட்டில் பென்சிலால்தான் எழுதுவார். வாரக் கடைசியில் அச்சிட்ட படிவத்தில் மையால் பெயர்த்து எழுதி அனுப்புவார். மற்றவர்கள் அண்டை வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல அவர் சாப்பிடும்போது தண்ணீரைப் பற்றிப் பேசுவார். மழை இல்லாத மாதங்களில் பெரிய அலை ஏறும் சில நாட்களில் மட்டும் கீழ் இடத்தில் உப்பு பத்து மடங்காகிவிடுகிறது, மற்ற நாட்களில் அதே தண்ணீர் நல்ல பிள்ளையாக இருக்கிறது என்பதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்தச் சில நாட்களே பயிரைக் கொன்றுவிடப் போதும் என்பதையும் சொல்லியிருக்கிறார். எதிரே உட்கார்ந்து அத்தனையையும் கேட்டவள் நான்.

அந்தப் படிவங்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடமும் என் மேசைதான். அரசாங்க அலுவலகம் ஒன்றின் கணக்கீட்டுப் பிரிவில் நான் துளை அட்டை அடிக்கும் வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கம்ப்யூட்டர் என்பது அப்போது ஓர் அறை முழுக்க நிற்கும் இயந்திரம். அதற்கு எண்களை அட்டையில் துளையாகத்தான் கொடுக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு இலக்கம். இந்த ஆராய்ச்சிக்கு அட்டையை வகுத்தவர் உப்புக்கென்று மூன்று கட்டங்கள் ஒதுக்கியிருந்தார். படிவத்திலும் மூன்று கட்டங்களே. அத்தானோ சில நாட்களில் நான்கு இலக்கம் எழுதியிருந்தார். நான்காவது இலக்கம் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், நெருக்கி எழுதப்பட்டிருக்கும். அதன் அடியில் ஒரு சின்னக் கோடும் போட்டிருப்பார், தவறி எழுதவில்லை என்பதற்கு அடையாளமாக.

நான் படிவத்தை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனேன். அவர் நல்ல மனிதர்தான். வேலை முடிய வேண்டிய தேதி அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. தோட்டத்து ஆட்கள் புள்ளி வைக்க மறந்துவிடுவார்கள், முதல் மூன்றை மட்டும் அடியுங்கள் என்றார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது, நூற்று எண்பத்து நான்காயிற்று. நூற்று எண்பத்து நான்கு பார்க்கப் பாந்தமான எண். அக்கம்பக்கத்து எண்களோடு ஒட்டிக்கொண்டுவிடும், எந்த இயந்திரமும் அதைச் சந்தேகிக்காது. அது புள்ளியில்லை, பெரிய அலை என்று எனக்குத் தெரியும். முந்தின வாரம்தான் ரசம் சோற்றுக்கு நடுவே அந்தக் கதையைக் கேட்டிருந்தேன். இன்னொரு முறை மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் இரண்டாம் முறையும் எழுந்து போனால் என்ன நினைப்பார்களோ என்று உட்கார்ந்துவிட்டேன். பிறகு அந்த மாதிரி எண் வரும்போதெல்லாம் என் விரல் தானாகவே மூன்றோடு நின்றது.

அறிக்கை அச்சாகி வந்தபோது கீழ் இடமே போதும் என்றிருந்தது. அத்தான் தம் அதிகாரியிடம் போய்க் கேட்டார். உங்கள் எண்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கம்ப்யூட்டர் சராசரி எடுத்திருக்கிறது என்று பதில் வந்ததாம். அன்று மாலை வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டார்.

"என் நம்பரெல்லாம் சரியாத்தானே போச்சு?"

"சரியாத்தான் போச்சு, அத்தான்."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். இரண்டு வருடம் தன் கண்ணால் பார்த்ததைவிட அந்தச் சராசரியை அவர் அந்த நிமிடத்தில் நம்பினார். என் வாயால் கேட்டதால் நம்பினார் என்பதுதான் நிஜம்.

ஆற்றோரத்தில் தோட்டம் வைத்திருந்த ஒரு சீனரோடு அவருக்கு நல்ல பழக்கம். இருவரும் பாசார் மலாயில், அந்தச் சந்தைப் பேச்சில், பேசிக்கொள்வார்கள். அரசாங்க ஆட்கள் யார் சொன்னாலும் அந்த மனிதர் நம்பமாட்டார், இந்தக் கறுப்பு விரல்காரர் சொன்னால் நம்புவார். கீழ் இடத்தில் பம்ப் வைத்து வாய்க்கால் வெட்டியபோது, அந்தத் தண்ணீரைப் பாத்திக்கு விடலாமா என்று அவர் அத்தானிடம்தான் கேட்டார். விடலாம் என்று அத்தான் சொன்னார். அவர் விட்டதைப் பார்த்து மற்றவர்களும் விட்டார்கள்.

அடுத்த வறட்சியில் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, ஒரே வாரத்தில் பாத்திகள் பழுப்பாகிவிட்டன. மண்ணிலும் உப்பு இறங்கிவிட்டதால் திரும்ப விதைத்ததும் முளைக்கவில்லை. விசாரணை வைத்தார்கள். அத்தான் தம் பென்சில் நோட்டை எடுத்துக்கொண்டு போனார். நோட்டில் நான்கு இலக்கம், கம்ப்யூட்டர் தாளில் மூன்று. நடுவில் இருந்த படிவங்களோ, அட்டை அடித்துச் சரிபார்த்த பிறகு வழக்கம்போலக் கழிவுத் தாளோடு போய்விட்டிருந்தன. பென்சில் எழுத்தில் பின்னால் ஒரு இலக்கத்தைச் சேர்ப்பது பெரிய காரியமா என்று ஒருவர் கேட்டார். இயந்திரத்துக்குப் பொய் சொல்ல என்ன காரணம் இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார்.

என்னையும் கூப்பிட்டார்கள். நாங்கள் உறவு என்பது அங்கே யாருக்கும் தெரியாது, அத்தானும் சொல்லவில்லை. படிவத்தில் மூன்று இலக்கம் இருந்ததா நான்கா என்று கேட்டார்கள். மேற்பார்வையாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் மேசையின் அந்தப் பக்கம், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார். அதில் கெஞ்சல் இல்லை. இவள் சொல்லிவிடுவாள் என்ற நிம்மதிதான் இருந்தது.

"ஞாபகம் இல்லை சார்" என்றேன்.

கவனக்குறைவு, பதிவேட்டைத் திருத்திய சந்தேகம் என்று எழுதி அவரைப் பண்டகசாலைக்கு மாற்றினார்கள். உரமூட்டைகளுக்கு நடுவில் ஒரு மாதம் இருந்து பார்த்தார். பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத் துறைமுகக் கிடங்கு ஒன்றில் காவல் வேலைக்குப் போனார். அதே மாதம் என் வேலை நிரந்தரமாயிற்று. அக்கா கேசரி கிண்டினாள். அத்தானும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். விசாரணையைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டின்போது தண்ணீரைப் பற்றிப் பேசுவதும் அன்றோடு நின்றது. வீட்டில் அந்த அமைதி அக்காவுக்குப் புரியவேயில்லை. "என்ன இவரு, ஊமையாட்டம் ஆயிட்டாரு" என்று என்னிடமே வந்து கேட்பாள்.

நான் அந்தத் துறையிலேயே மேலே மேலே போனேன். அட்டை போய் நாடா வந்தது, நாடா போய் வேறென்னவோ வந்தது. புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். என் வேலையைப் பற்றி மேலிடத்தில் எழுதிய குறிப்புகளில் துல்லியம் என்ற சொல் தவறாமல் இருக்கும். எந்த எண்ணுக்கும் ஒரு கட்டம் கூடுதலாகவே நான் ஒதுக்குவதைப் பார்த்து, இளம் பிள்ளைகள் "மேடம் ரொம்ப ஜாக்கிரதை லா" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அவர் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்த ஒரு பிற்பகலில், அக்கா காப்பி வாங்கக் கீழே போயிருந்தபோது, எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை.

"தெரியும்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? நல்ல தண்ணின்னு அந்த மனுசன்கிட்ட சொன்னது நான். நீ சொன்னதை வச்சுத்தான் சொன்னேன். போய் அவர்கிட்ட சொல்லு" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான்கு நாட்கள் இருந்தார். அந்த நாட்களிலும் சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு விசாரித்துக்கொண்டு போனேன். அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டபோது அந்தச் சீனருக்கு மார்சிலிங்கில் வீடு கிடைத்திருந்தது. இரும்புக் கதவுக்குப் பின்னால், உள்பனியனோடு, காது மந்தமான ஒரு முதியவர் வந்து நின்றார். வெளியே நின்றபடியே, எனக்குத் தெரிந்த மலாயில், உரக்க, முழுவதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் அந்தக் கறுப்பு விரல்காரர் இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, இங்கே, நீ நிற்கிற இடத்தில்தான் நிற்பார் என்றார். தான் ஒரு தடவைகூடக் கதவைத் திறக்கவில்லை. அவர் பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் போவார், தான் அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

இனிமேல் அவர் வரமாட்டார் என்று சொன்னேன். முதியவர் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, அத்தனை வருடம் நீ எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. நான் பதில் சொல்வதற்குக் காத்திருக்கவும் இல்லை. உள்ளே போய் மரக்கதவையும் சாத்திக்கொண்டார்.