பவானி எடுக்காத புத்தகம்

மழைக்காலத்துக் காலை நேரங்களில் எங்கள் ஐந்தாம் ஆண்டு வகுப்பறை ஈரக் கம்பளி நாற்றம் அடிக்கும். பதினாறு பிள்ளைகளின் நனைந்த "சுவெட்டர்"கள் ஜன்னல் கம்பிகளில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்க, அவற்றின் இடுக்கு வழியே மூடுபனியும், கீழே தொழிற்சாலையில் தேயிலை காயும் வாசனையும் உள்ளே வந்து அந்த நாற்றத்தோடு கலந்துகொள்ளும். ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே, தேயிலைச் சரிவின் நடுவே இருந்த அந்தத் தோட்டத் தமிழ்ப்பள்ளியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வாசனைதான். அடுத்து வருவது வெட்கம். இரண்டையும் இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

அந்த ஆண்டுதான் கீழே ஈப்போ நகரத்திலிருந்து கோமதி டீச்சர் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்தார். ஒரு திங்கட்கிழமை எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளை அட்டை கொடுத்தார். அதன் இடப்பக்கம் நாங்கள் விடவேண்டிய ஒரு கெட்ட பழக்கத்தையும், வலப்பக்கம் அதற்குப் பதிலாகப் பழகவேண்டிய ஒரு நல்ல பழக்கத்தையும் எழுத வேண்டும். கீழே நாற்பது கட்டங்கள். சொன்னபடி நடந்துகொண்ட நாளுக்குப் பச்சை, தவறிய நாளுக்குச் சிவப்பு. "கெட்ட பழக்கத்த வெறுமனே வெரட்ட முடியாது. அது உக்காந்திருந்த எடத்துல நல்லதக் கொண்டுவந்து உக்கார வைக்கணும். இல்லேன்னா அதுவே திரும்பி வந்துரும்" என்றார். அட்டைகள் வகுப்புச் சுவரில் இருக்கும், யாரும் எங்களைச் சோதிக்கப் போவதில்லை, அவரவர் வண்ணத்தை அவரவரே தீட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

என்னுடைய உண்மையான கெட்ட பழக்கம் பொய். காரணம் எதுவும் இல்லாமலே சொல்வேன். பல் தேய்க்காமல் தேய்த்துவிட்டேன் என்பேன், பார்க்காத பாம்பைப் பார்த்தேன் என்பேன். "பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கெடைக்காது" என்று அம்மா அடிக்கடி சொல்வார். எனக்கோ மூன்று வேளையும் தவறாமல் கிடைத்துக்கொண்டிருந்தது. என் அப்பா தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் "கிராணி". தொழிலாளர்கள் இருந்த "லயத்து" வரிசை வீடுகளுக்குச் சற்று மேலே, தனி வீட்டில் குடியிருந்தோம். கிராணி மகள், வகுப்பில் முதல் மாணவி, "பொய் சொல்வேன்" என்று எழுதிச் சுவரில் ஒட்டுவாளா? "நகம் கடிப்பேன்" என்று எழுதினேன். நான் நகம் கடித்ததே இல்லை. எதிர்ப்பக்கம் "தினமும் பத்துப் பக்கம் வாசிப்பேன்" என்று எழுதினேன். அது ஏற்கெனவே எனக்குப் பிடித்த வேலை. தோற்க வழியே இல்லாத ஒரு போட்டியில் இப்படித்தான் இறங்கினேன்.

எனக்குப் பக்கத்து இருக்கை பவானிக்கு. லயத்தின் கடைசி வீட்டுப் பெண். அப்பா இல்லை, அம்மா கொழுந்து பறிக்கப் போவார். அவள் தன் கோணல் கையெழுத்தில் "மற்றவங்க சாமானை எடுத்துருவேன்" என்று எழுதினாள். அது உண்மை. என் அழிப்பான், யாருடைய ரிப்பனோ, யாருடைய வண்ணப் பென்சிலோ அவள் பையில் இருப்பது வழக்கம்தான். வலப்பக்கம் "தினமும் ஒரு சாமான் யாருக்காவது கொடுப்பேன்" என்று எழுதியிருந்தாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் குனிந்து, "இத மடிச்சு ஒட்டலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அப்படியே ஒட்டுங்க டீச்சர். எல்லாருக்கும்தான் தெரியுமே" என்றாள் பவானி.

அவள் கொடுத்தாள். பைன் காய், தாளில் பொதிந்த அடிபட்ட ஸ்ட்ராபெர்ரி, விளக்குக் கம்பத்தடியில் செத்து விழுந்த பெரிய விட்டில் பூச்சியின் இறகு, ஒரு நாள் கிழங்கு வைத்துப் பொரித்த "கரிப்பாப்" பாதி. தவறிய நாள்களும் உண்டு. ஒரு முறை என் நீலப் பென்சில் காணாமல் போய், மறுநாள் காலை அவளே கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "நேத்து கை கேக்கல லா" என்று சொல்லிவிட்டு, சுவரருகே போய்த் தன் அட்டையில் ஒரு சிவப்புக் கட்டத்தை விளிம்பு தாண்டாமல் பொறுமையாகத் தீட்டினாள். என் அட்டை முழுக்கப் பச்சை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது.

டீச்சரின் அலமாரியில் பறவைகள் பற்றிய வண்ணப்படப் புத்தகம் ஒன்று இருந்தது. அவருடைய அப்பா, சாவதற்கு முன் வாங்கிக் கொடுத்தது. வகுப்பில் பார்க்கலாம், வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அதை என் சுவெட்டருக்குள் செருகிக்கொண்டேன். அது திருட்டு என்று தோன்றவே இல்லை. பத்துப் பக்கம் வாசிக்கத்தானே, திங்கள் காலை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். குறுக்கு வழியில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கால் வழுக்கி வாய்க்காலில் விழுந்தேன். புத்தகம் எனக்கு முன்னால் விழுந்தது. வீட்டில் அடுப்போரம் மறைத்து வைத்துக் காயப் போட்டுப் பார்த்தேன்; வழவழப்பான தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன, பிரித்தால் ஒரு பறவையின் தலை இன்னொரு பறவையின் வயிற்றோடு வந்தது. ஞாயிறு மதியம், அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில், கொல்லைப்புறக் குப்பைக் குழியில் போட்டு எரித்துவிட்டேன். திங்கள் காலை போய், என் அட்டையில் பச்சை தீட்டினேன்.

முதல் பாடத்திலேயே டீச்சர் கேட்டார். குரலில் கோபம் இல்லை. "யாரு எடுத்திருந்தாலும் பரவால்ல. எங்கப்பா குடுத்த புஸ்தகம் அது. குடுத்துருங்க."

 பிறகு ஒவ்வொரு தலையாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. பின்வரிசைக் குமார்தான் வாயைத் திறந்தான்: "டீச்சர், அங்கதான் எழுதியிருக்கே." டீச்சர் அவனை அதட்டினார். ஆனால் அவருடைய கண்ணும் ஒரு கணம் அந்த அட்டையில் போய் நின்றதை நான் பார்த்தேன்.

விஷயம் தலைமையாசிரியர் காதுக்குப் போயிற்று. அவர் வந்து பவானியின் பையை மேசைமேல் கவிழ்த்தார். ஒரு புதுச் சீப்பு, இரண்டு ரப்பர் வளையம், காகிதத்தில் சுற்றிய ஒரு மிட்டாய், ஒரு பென்சில். "இதெல்லாம் யாரோடது?" என்றார். "கொடுக்கிறதுக்கு வச்சிருக்கேன் சார்" என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அவள் அம்மாவுக்கு ஆள் போயிற்று. முதுகில் கூடையோடும், இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் விரிப்போடும், ரப்பர் பூட்ஸில் சேறு ஒழுக, அவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்தால் தரை அழுக்காகிவிடும் என்று தயங்கினார்.

"எடுத்தியாடி?"

"எடுக்கலம்மா."

பக்கத்தில் வந்து நின்ற அவள் கன்னத்தில் அவர் வாசலிலிருந்தே எட்டி அறைந்தார். பவானி அழாமல் சொன்னாள்: "சத்தியமா எடுக்கலம்மா. எடுத்திருந்தா செவப்புப் போட்டிருப்பேன்ல."

தலைமையாசிரியர் சிரித்தார். கோமதி டீச்சர் சிரிக்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் என் மேசையின் மரக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்றிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? கிராணி மகளை யாரும் அறைந்திருக்க மாட்டார்கள். ஒரு திட்டு, அப்பாவின் ஒரு நாள் மௌனம், அதோடு முடிந்திருக்கும். அந்தக் கணக்கு எனக்குப் பதினொரு வயதிலேயே தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன்.

அன்று பள்ளி விட்டுப் போகும்போது பவானி எனக்காகக் காத்திருந்தாள். கன்னத்தில் விரல் தடம் இருந்தது. "நீயும் நான்தான் எடுத்தேன்னு நெனைக்கிறியா?" என்று கேட்டாள்.

"தெரியலியே" என்றேன்.

நான் சொன்ன பொய்களிலேயே கேவலமானது இந்த ஒற்றைச் சொல்தான். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தனியே இறங்கிப் போனாள். அதன் பிறகு தன் அட்டையின் பக்கம் அவள் போகவே இல்லை. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை; மீதிக் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன.

நாற்பதாம் நாள் பெற்றோரை அழைத்துப் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு எனக்கு. கெட்ட பழக்கத்தை எப்படி வென்றேன் என்று பேசச் சொன்னார்கள். நகம் கடிக்க ஆசை வரும்போதெல்லாம் புத்தகத்தைத் திறந்ததாக, கைவிரல்களை விரித்துக் காட்டிப் பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். கடைசியில் நின்ற பவானியின் அம்மாவும் தட்டினார். நான் மேடையைவிட்டு இறங்கி அவர்களைக் கடந்தபோது அவர் மகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "பாருடி. கிராணி மக மாதிரி இருக்கக் கத்துக்க." ஆண்டு முடிவில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு, மாமன் காய்கறித் தோட்டம் வைத்திருந்த கம்போங் ராஜாவுக்கு ஒரு "லோரி"யில் போய்விட்டார்கள்.

இப்போது எனக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் வேலை. இந்த ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் மேலாளர், ஊழியர்கள் ஆளுக்கொரு கெட்ட பழக்கத்தை விட்டு நல்ல பழக்கத்துக்கு மாற ஒரு முப்பது நாள் திட்டம் போடலாம் என்றார். நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "தப்பு செஞ்சா மறைச்சிருவேன்" என்று எழுதிக் கொடுத்தாள். மேலாளர் எல்லாத் தாள்களையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார்.  தாள்களை அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமையே, பழைய தோட்டத்துக்காரர்களிடம் விசாரித்து, பவானியைத் தேடிக் கம்போங் ராஜாவுக்குப் போனேன்.

கடைத்தெருவில் நாற்றுகள் விற்கும் சின்னக் கடை அவளுடையது. என்னை அடையாளம் கண்டதும், "கிராணி மகளா? வா லா, உக்காரு" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. புத்தகத்தை எடுத்தது, வாய்க்கால், குப்பைக் குழி, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவள் தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இது புதுசா என்ன? நான் எடுக்கலன்னு எனக்குத்தான் அப்பவே தெரியுமே" என்றாள். பிறகு தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "எங்கம்மாவுக்குத்தான் தெரியாது. கடைசி வரைக்கும் கைப்பைய எங்கண்ணு படாம மறைச்சுதான் வச்சாங்க. போன வருசம் வந்திருக்கலாம் லா நீ. தீவாளிக்கு முந்தித்தான் போனாங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மிளகாய் நாற்றுக் கேட்டு ஒருவர் வந்தார். அவள் அவரைக் கவனிக்கப் போனாள்.

அங்கிருந்து ஈப்போவுக்கு நேர்வழி இருந்தும் நான் ரிங்லெட் பக்கமாக இறங்கி, பழைய தோட்டத்துக்குள் காரை விட்டேன். பள்ளிக்கூடத்தை மூடிப் பல வருடங்களாகின்றன. கட்டடத்தில் உர மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். லயத்து வீடுகளின் கடைசி வரிசையை இடித்துவிட்டார்கள். பவானியின் அம்மா கூடையோடு இறங்கி வந்த சரிவில், எந்த நாட்டுக்காரர்களோ இரண்டு பேர் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். காரை நிறுத்தி இறங்கியதும் அவர்களில் ஒருவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு, யாரைத் தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.

யாரையும் இல்லை என்றேன்.